முப்பத்திரண்டில் பதினேழு போனால்

வகுப்பறையின் பின்சுவரோரம் உட்கார்ந்து பாடம் நடப்பதைப் பார்ப்பதுதான் என் வேலையின் பெரும்பகுதி. நாமக்கல் மாவட்டத்தில், வட்டார வள மையம் ஒன்றில் ஆசிரியர் பயிற்றுநர். அதற்கு முன் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவள். பதினைந்து ஒன்றியங்கள் உள்ள மாவட்டம் இது. காலையில் வண்டியை எடுத்தால் ஒரு பக்கம் கோழிப்பண்ணைகள், ஒரு பக்கம் தறிச் சத்தம், இன்னொரு பக்கம் மரவள்ளிக் காடும் ஜவ்வரிசி ஆலையும். எந்தப் பக்கம் போனாலும் போய்ச் சேருமிடம் ஒன்றுதான்: இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். கணக்கு சரி. ஆனால் ஐந்து வகுப்பை இரண்டு பேர் பங்கு போட்டால் ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு மூன்று. கற்பித்தல் தரம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் முதலில் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இத்தனை காலம் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இது: ஒரு டீச்சர் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாரா என்பது அவரைப் பார்த்தால் தெரியாது. பிள்ளையைப் பார்க்க வேண்டும். அதுவும் எல்லாப் பிள்ளைகளையும் மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நடுவரிசையில், முன்னாலும் இல்லாமல் சுவரோரமும் இல்லாமல் இருக்கும் ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு, அந்தப் பிரிவேளை முழுக்க அவனையே பார்க்க வேண்டும். எத்தனை முறை தனியாக வாய் திறந்தான், நோட்டில் என்ன எழுதினான், எழுதியதை எப்போது அழித்தான், யாரைப் பார்த்து எழுதினான். டீச்சர் கேட்ட கேள்விக்கு வகுப்பே பதில் கத்தியபோது இவன் உதடு எந்தச் சொல்லில் அசைந்தது. நாற்பது நிமிடம் ஒரு பிள்ளையைப் பார்ப்பது லேசான காரியமில்லை. கண் தானாக டீச்சர் பக்கம் போகும். குரல் அங்கிருந்துதானே வருகிறது.

என் தலைமுறைக்கு இப்படிப் பார்க்க யாரும் கற்றுத்தரவில்லை. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரியில். அதற்கு முன் எல்லாமே சேலம்தான். ஆசிரியர் பயிற்சி என்றாலே உத்தமசோழபுரம். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டத்துக்கு ஒன்றாக எழுந்த 'டயட்' நிறுவனங்களில் அதுவும் ஒன்று. பயிற்சியில் 'கிரிட்டிசிசம் கிளாஸ்' நடக்கும். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் நோட்டில் குறிப்பெழுத வேண்டும். குரல் வளம் நன்று, கரும்பலகைப் பயன்பாடு நன்று, துணைக்கருவி பொருத்தமானது, வகுப்பறைக் கட்டுப்பாடு நன்று. ஐம்பது நோட்டிலும் இதையேதான் எழுதியிருப்போம். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று எழுத அந்த நோட்டில் இடமே இல்லை. பின்னாளில் பள்ளிக்குப் பள்ளி பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டியபோது, அதே வரிகளை அதிகாரிகளின் கையெழுத்தில் படித்தேன்.

2001-ல் அனைவருக்கும் கல்வித் திட்டம் வந்த பிறகு வள மையங்கள் வந்தன, பயிற்சிகள் பெருகின. பயிற்சி மேலிருந்து கீழே இறங்கும் விதம் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் மாநிலக் கருத்தாளர்கள் பல நாள் கேட்டதை மாவட்டத்தில் சொல்வார்கள். அதை வட்டாரத்தில் நாங்கள் சொல்வோம். கடைசியில் குறுவள மையத்தில் அது ஒரு நாளாகச் சுருங்கி நிற்கும். அங்கே கேட்பவர்தான் நாளைக் காலை பிள்ளைகள் முன் நிற்கப் போகிறவர். அவருக்குக் கிடைப்பது நாலு கை மாறிய சரக்கு. வருகைப் பதிவில் கையெழுத்து, பத்தரைக்கு டீ, சாப்பாட்டுக்குப் பிறகு குழுச் செயல்பாடு, சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனா, நாலரைக்குப் பின்னூட்டப் படிவம். பின்னூட்டத்தில் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதாத ஆசிரியரைத் தமிழ்நாட்டில் பார்ப்பது அரிது.

பயிற்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. கூடத்தில் சொன்னது வகுப்பறைக்குள் நுழையும் இடத்தில் யாராவது கூட இருந்தாக வேண்டும். அந்த இடம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கழித்தல் கணக்கைச் சொல்கிறேன்.

புதுச்சத்திரம் பக்கம் பண்ணைகள் நிறைந்த ஊர். மூன்றாம் வகுப்பு. பலகையில் 32 – 17. நடத்தியவர் நல்ல டீச்சர், உழைப்பாளி. ஒன்றாமிடத்தில் இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு, மூன்று இரண்டாகும், இரண்டு பன்னிரண்டாகும் என்று தெளிவாகச் சொன்னார். பிள்ளைகளும் கூடவே சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த பையன் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிவிட்டு, நோட்டில் 25 என்று எழுதினான். அவனுக்கு முன்னால் இருந்த பெண்ணும் 25. எழுந்து நடந்து பார்த்தேன்; வகுப்பில் பாதிக்கு மேல் 25.

இடைவேளையில் டீச்சரிடம் கேட்டேன்.

"25 எப்படி வந்துச்சுன்னு கேட்டுப் பார்த்தீங்களா டீச்சர்?"

"கவனமில்லைங்க மேடம். எத்தனை தடவை சொன்னாலும் அவசரம்."

பையனைக் கூப்பிட்டோம். "ஏன் கண்ணு, இந்தக் கணக்க எப்படிப் போட்டே?" என்றேன். டீச்சரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ரெண்டுல ஏழு போகாதுங் டீச்சர். ஏழுல ரெண்டு போனா அஞ்சு. மூணுல ஒண்ணு போனா ரெண்டு."

அவன் அவசரப்படவும் இல்லை, கவனம் சிதறவும் இல்லை. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் 'பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கணும்' என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அவன் அந்தச் சொல்லை மீறவில்லை. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். தப்புக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கண்டுபிடிக்காமல் 'கடன் வாங்கு' என்று நூறு தடவை சொன்னாலும், அவன் நூறு தடவையும் கூடச் சொல்லிவிட்டு 25 என்றே எழுதுவான். சேலத்திலும் நாமக்கல்லிலும் மட்டுமில்லை, இடமதிப்பு எழுதும் எந்த நாட்டிலும் பிள்ளைகள் செய்யும் பிழை இது.

அந்த ஊரில் முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை. அட்டைக்கு எத்தனை முட்டை என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட முப்பது என்று சொல்லும். அஞ்சு வரிசை, வரிசைக்கு ஆறு. அதைத் திருப்பிப் போட்டு இரண்டிரண்டு வரிசையாக நறுக்கினால், பத்துக் குழி உள்ள மூன்று துண்டுகள் கிடைக்கும். மறுநாள் டீச்சர் அதைத்தான் செய்தார். மூன்று துண்டிலும் புளியங்கொட்டை நிரப்பி, வெளியே இரண்டு கொட்டை. முப்பத்திரண்டு. "இதுல பதினேழு எடுத்துக் குடு" என்றார், அவ்வளவுதான். பையன் ஒரு முழுத் துண்டை எடுத்து வைத்தான். பிறகு வெளியில் இருந்த இரண்டையும் எடுத்தான். இன்னும் அஞ்சு வேண்டும். கொஞ்சம் நின்றான். பிறகு நிறைந்த துண்டு ஒன்றிலிருந்து ஐந்தைப் பொறுக்கினான். மீதி ஒரு முழுத் துண்டு, இன்னொன்றில் பாதி. பதினைந்து. பக்கத்து வீடும் இல்லை, கடனும் இல்லை.

இதில் மந்திரம் ஏதுமில்லை. கையால் எடுத்ததை எழுத்தில் கொண்டுவர அதற்குப் பிறகும் நாளானது. கொட்டையை எண்ணும்போது சரியாகச் சொன்ன சிலர் நோட்டுக்கு வந்ததும் மறுபடி 25 எழுதினார்கள். ஆனால் டீச்சர் இப்போது நோட்டைத் திருத்தும்போது வெறும் பெருக்கல் குறி போட்டு நகர்வதில்லை. பிழையான விடைகளை ஓரத்தில் குறித்துக்கொண்டு எது எப்படி வந்திருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தார். அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-ல் இதற்கென்றே ஒரு கருத்தை முன்வைத்தார்: பாடம் தெரிவது ஓர் அறிவு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது ஓர் அறிவு, இந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே வழுக்கும், எந்த உதாரணம் பிடித்துக்கொள்ளும் என்று தெரிவது இவை இரண்டும் சேர்ந்த மூன்றாவது அறிவு. கணிதத்தில் முதுகலை படித்தவருக்கு அது தானாக வந்துவிடாது. எட்டாம் வகுப்புக்கு மேல் கணக்கே பிடிக்காத ஓர் இடைநிலை ஆசிரியையிடம் அது நிறைய இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வாசிப்பில் பிழை இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். வெண்ணந்தூர், பள்ளிபாளையம் பக்கம் தறி ஊர்ப் பள்ளிகளில் ஒரு காலம் நிறைய அலைந்தேன். வகுப்பே ஒரே குரலில் பாடத்தை வாசிக்கும். கேட்க இனிமையாக இருக்கும். அருகில் போனால் பாதிப் பிள்ளைகளின் விரல் ஒரு வரியில், வாய் இன்னொரு வரியில். படத்தைக் கையால் மூடிவிட்டு வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன சாமி?" என்றால், முதல் சொல்லிலிருந்து மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்து அந்தச் சொல்லைப் பிடிப்பார்கள். அதுவும் திறமைதான், வாசிப்பு இல்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் ராத்திரி வீட்டில் தார் சுற்றிவிட்டு வருகிறவர்கள். சிலர் வீட்டில் தெலுங்கு, சிலர் வீட்டில் கன்னடம். இப்போது பண்ணைகளுக்கும் தறிகளுக்கும் வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களும் அதே கோரஸில் அழகாகக் கரைந்துவிடுவார்கள். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுதுங் டீச்சர்" என்று கூரை அதிரும்.

கோரஸை நிறுத்தச் சொன்னால் டீச்சர்கள் சொல்லும் முதல் குறை, தனியாகக் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை என்பதுதான். இதற்கு நான் சொன்னது ஒரே ஒரு சின்ன விஷயம். கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள், அதற்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்து, கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் விடுகிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். காசு செலவில்லாத சீர்திருத்தம் இது. ஆனால் கடைப்பிடிப்பது கஷ்டம். மூன்று விநாடி அமைதி என்பது நம் வகுப்பறையில் மிக நீளம். வராந்தாவில் போகும் தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார், பாடம் நடக்கவில்லையோ என்று. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைக்கோ அந்த மூன்று விநாடிதான் கேள்வியைத் தன் மொழிக்குக் கொண்டுபோய்த் திரும்பிவரும் நேரம்.

இந்த வேலையில் இருந்தவர்கள் செயல்வழிக் கற்றலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புற வகுப்புகளில் உருவான முறை. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003 வாக்கில் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். அவரே மாநிலத் திட்ட இயக்குநரானபோது 2007-ல் தமிழ்நாடு முழுதும் வந்தது. அட்டைகள், தட்டுகள், ஏணிப்படி, சுவரோரம் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, தலைக்கு மேல் கம்பிப்பந்தலில் தொங்கும் ஓவியங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அ, ஆ என்று தொடங்காமல் எழுத எளிதான எழுத்துகளில் தொடங்கியதைப் பார்த்துத் தாத்தாக்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்த முறையைத் திட்டியவர்கள் உண்டு, கொண்டாடியவர்கள் உண்டு. என் கணக்கில் அதன் பெரிய சாதனை அட்டையில் இல்லை. நாற்காலியில் இருந்த டீச்சரை அது பாயில் உட்கார வைத்தது. பாயில் உட்கார்ந்தவர் பிள்ளையின் நோட்டை அது எழுதப்படும்போதே பார்த்தார்.

பிறகு நடந்ததும் தெரிந்ததுதான். அட்டைகள் கிழிந்தன, எண் மாறின, காணாமல் போயின. எந்தப் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்ற அடைவு அட்டவணையை நிரப்புவது பிள்ளையோடு பேசுவதைவிட முக்கியமாகிப் போன பள்ளிகள் உண்டு. எளிமைப்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல் வந்தது. 2012-ல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. கொரோனாவில் பள்ளிகள் மூடி, 2021 நவம்பரில் தொடக்க வகுப்புகள் திறந்தபோது, இரண்டாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் நான்காம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை வயதால் பிரிக்காமல், அவர்கள் இருக்கும் நிலையால் பிரித்தது சரியான முடிவு என்று நினைக்கிறேன். 'பிரதம்' அமைப்பு வட இந்தியாவில் பல்லாண்டு செய்துகாட்டிய அடிப்படையும் இதுவே. ஆனால் இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பு, வகுப்புக்கு மூன்று நிலை. பெருக்கிப் பாருங்கள்.

என் வேலையும் அதனோடு மாறியது. வகுப்பைக் கவனிக்கும் படிவம் கைபேசிக்குள் வந்தது. கற்றல் விளைவு பலகையில் எழுதப்பட்டதா, ஆசிரியர் கையேடு மேசையில் உள்ளதா, பிள்ளைகள் குழுவாக அமர்ந்துள்ளனரா என்ற மாதிரிக் கேள்விகள்; ஆம், இல்லை. பின்சுவரோரம் உட்கார்ந்து கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு நடுவரிசைப் பையன் எங்கே தெரிவான்? ஒரு மூத்த தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, முன்னயெல்லாம் வந்தா பசங்களப் பாப்பீங்க. இப்ப நாங்க உங்களப் பாத்துக்கிட்டிருக்கோம்." மீதி நேரத்தை விவரப் பதிவு தின்றது. எந்தத் திட்டத்துக்கும் புள்ளிவிவரம் தேவை, மறுக்கவில்லை. வகுப்பறைக்கென்று நியமிக்கப்பட்ட ஆட்களைக் கொண்டு அதைத் திரட்டினால், எதைப் பற்றிய விவரமோ அது நின்றுபோகிறது.

இங்கே நாமக்கல் என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியூரில் எங்கள் மாவட்டத்தைச் சொன்னால் இரண்டு விஷயம் நினைவுக்கு வரும்: முட்டை, பிளஸ் டூ ரேங்க். பிராய்லர் பள்ளி என்ற கேலிப் பெயரும் அப்படி வந்ததுதான். தென்கோடியிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்குள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் விட்டார்கள். எங்கள் துறைக்காரர்களின் பிள்ளைகளும் அதில் அடக்கம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. 2017-ல் ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியது, பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தது, அதே ஆண்டு நீட்டும் வந்து சேர்ந்தது. கேலி செய்வது சுலபம். ஆனால் அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள் தினமும் தேர்வு வைத்து அன்று மாலையே தாளைத் திருத்தி, எந்தப் பிள்ளை எந்தக் கேள்வியில் மார்க் விட்டது என்று கையில் வைத்திருந்தார்கள். பிழையை அவ்வளவு அருகில் போய்ப் பார்த்தவர்கள் அவர்கள்தான். பார்த்தது மார்க்குக்காக என்பதால், விட்ட மார்க்கைத் திரும்ப எடுத்ததும் அவர்களுக்கு வேலை முடிந்துவிட்டது. பிழை எங்கிருந்து முளைத்தது என்று கேட்க அந்த நெரிசலில் ஆளில்லை.

குறுவள மையக் கூட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை. பக்கத்துப் பள்ளிகள் ஒன்றுகூடி அனுபவத்தைப் பகிர வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த யோசனை புதிதில்லை. 1964-66 கோத்தாரிக் குழுவே ஓர் உயர்நிலைப் பள்ளியையும் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளையும் ஒரே வளாகமாக இணைக்கச் சொன்னது. சனிக்கிழமையில் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். மாதிரி வகுப்பு என்றால் டீச்சர்களே பிள்ளைகளாக நடிப்பார்கள். அவர்கள் செய்யும் பிழைகளும் நடிப்புப் பிழைகள்தான்.

ஜப்பானில் பாட ஆய்வு என்று ஒரு வழக்கம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசுவார்கள், திருத்தி இன்னொருவர் நடத்துவார். ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற இருவர் 1999-ல் எழுதிய நூலுக்குப் பிறகுதான் மேற்கு நாடுகள் இதைக் கவனித்தன. இதைப் படித்த பிறகு, நாங்களும் வார நாளில், பிள்ளைகள் இருக்கும்போது, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் மூன்று நாலு பேரோடு செய்து பார்த்தோம். ஆணை எதுவும் கிடையாது; இரண்டு தலைமையாசிரியர்களின் பெருந்தன்மையில் நடந்தது.

பேச்சுக்கு மட்டும் சில நிபந்தனைகள் வைத்துக்கொண்டோம். முதலில் பேச வேண்டியவர் பாடம் நடத்தியவர். 'நீங்க' என்று யாரும் வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது; 'அந்தப் பொண்ணு', 'அந்தப் பையன்' என்றுதான் தொடங்க வேண்டும். 'நன்று' என்ற சொல் கூடவே கூடாது. முதல் தடவை யாருக்கும் பேச்சே வரவில்லை. பாராட்டையும் குறையையும் எடுத்துவிட்டால் ஆசிரியர்களிடம் மீதி இருப்பது பார்த்தது மட்டும்தான், அதைப் பழகியிருக்கவில்லை.

ஒரு பாடம் நன்றாக நினைவிருக்கிறது. நான்காம் வகுப்பு, பின்னம். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா? நாலு பெரிய எண் என்பதால் நான்கில் ஒன்றுதான் பெரிது என்று பிள்ளைகள் சொல்வார்கள் என்பது எதிர்பார்த்ததே. காகிதப் பட்டையை மடித்துப் பார்த்து அவர்களே உணரட்டும் என்பது திட்டம். பாடம் உற்சாகமாக நடந்தது. வகுப்பின் முன்னால் இருந்து பார்த்தால் அருமையான வகுப்பு. ஆனால் கடைசிக் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்த சார் சொன்னார்: "அந்தப் பையன் மூணா மடிக்கத் தெரியாம ஒரு பக்கம் சின்னதா மடிச்சுட்டான். அவன் பட்டையில மூணுல ஒண்ணைவிட நாலுல ஒண்ணு நெசமாவே பெருசு. அவன் அளந்து பாத்துதான் சொன்னான்." பையன் செய்ததில் குற்றமில்லை; சோதனையே அவனுக்குத் தவறான விடையை நிரூபித்துக் கொடுத்துவிட்டது. பட்டையைச் சரியாக மூன்றாக மடிப்பது பெரியவர்களுக்கே சிரமம். எந்தக் கையேட்டிலும் இந்த எச்சரிக்கையை நான் பார்த்ததில்லை. அடுத்த வாரம் இன்னொரு பள்ளியில் இன்னொரு டீச்சர் அதே பாடத்தை அரை, கால், அரைக்கால் என்று பாதிப் பாதியாக மடிக்கக்கூடியவற்றில் தொடங்கினார். அரைக்கால் கையில் வந்ததும், பங்கு கூடினால் துண்டு சிறுக்கும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். மூன்றில் ஒன்றுக்கு முன்கூட்டியே கோடு போட்ட பட்டை தந்தார். கடைசிக் குழுவைப் பார்த்த அந்த சார் ஓய்வுபெற இருந்தவர். இத்தனை வருடத்தில் இன்னொருவர் வகுப்பில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை என்றார்.

ஆசிரியர் தரத்துக்கு நாடு கண்டுபிடித்திருக்கும் கருவி வேறு: தகுதித் தேர்வு. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் முதல் டெட் நடந்தபோது எழுதியவர்களில் ஒரு விழுக்காடுகூடத் தேறவில்லை. அக்டோபரில் மறுபடி வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துக்கொண்டு பட்டயம் கொடுத்த பயிற்சி நிறுவனங்களை விட்டுவிட்டு, பட்டயத்தோடு வந்தவர்களைக் கைகாட்டினோம். இப்போது 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும். நுழைவாயிலில் ஒரு வடிகட்டி வேண்டும் என்பதில் எனக்கு எதிர்க்கருத்து இல்லை. நூற்றைம்பது கேள்வி, நாலு விடையில் ஒன்று. அந்தப் பையன் ஏன் 25 எழுதினான் என்பதை அப்படிக் கேட்டுவிட முடியுமா என்று யோசித்திருக்கிறேன். முடியும். நாலு காரணங்களைக் கொடுத்துச் சரியானதைக் குறி என்றால் கேள்வி தயார். ஆனால் வகுப்பில் யாரும் நாலு காரணங்களை அச்சடித்துத் தருவதில்லை. பையனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த வருடம் குறுவள மையத்துக்கு வருகிறவர்களின் பையில் டெட் வழிகாட்டிகள்தான். ஐம்பதை நெருங்கும் டீச்சர்கள் சாப்பாட்டு இடைவேளையில் உளவியல் குறிப்புகளை ஒப்பித்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேலை போய்விடும் பயம். அப்படியும் ஒருவர் கழித்தல் பாடத்தை நடத்துகிறேன் என்று முன்வந்திருக்கிறார். இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஒரே அறையில் உள்ள பள்ளி. பார்க்க நாலு பேர் வருகிறேன் என்றார்கள். அதில் இரண்டு பேர் ஈராசிரியர் பள்ளிக்காரர்கள். அவர்கள் வந்துவிட்டால் அங்கே ஐந்து வகுப்பையும் ஒருவர் சமாளிக்க வேண்டும். அரை நாளுக்கு மாற்று ஆசிரியர் கேட்டிருக்கிறோம். அதற்கென்று ஏற்பாடு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. தேதியை இரண்டு தடவை மாற்றிவிட்டோம். இப்போதைக்கு அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை என்று வைத்திருக்கிறோம்.